கழுத்துக்கும் கத்திக்கும் நடுவே ஒரு கை

திருநெல்வேலியிலிருந்து மும்பைக்கு மாற்றலாகி வந்த புதிதில், தாராவியில் குறைந்த செலவில் முடிவெட்டும் சின்னக் கடை ஒன்றைக் கண்டுபிடித்தேன். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஒரு ஞாயிறு காலை, கூட்டம் சேருமுன் போய்விடலாம் என்று மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே கிளம்பினேன். அப்படியும் ஒரு மணி நேரம் காத்திருந்தேன்.

முடியை வெட்டி முடித்த சலீம் பாய், பின்கழுத்தில் கத்தி வைத்தார். எனக்குக் கண் இருட்டியது.

விழித்தபோது தரையில் கிடந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் நம் ஊர்க்காரர். "கத்தி மேலயே சாஞ்சிட்டிய, அண்ணாச்சி! பாய் வெறுங்கையால கத்தியப் பொத்திட்டாரு" என்றார்.

கழுத்தைத் தடவினேன். ஒரு கீறல்கூட இல்லை. பாயின் கையில் சுற்றியிருந்த துண்டு சிவந்துகொண்டிருந்தது. யாரென்றே தெரியாத எனக்காக, யோசிக்க நேரமே இல்லாத அந்த நொடியில் தன் கையைக் கொடுத்திருக்கிறார்! பிரமித்துப்போனேன்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "பெஹ்லே சாய் பியோ" என்று, முதலில் டீயைக் குடிக்கச் சொல்லி, இன்னொரு கையால் அதை நீட்டினார். பிறகு அவரை டாக்டரிடம் அழைத்துப் போனேன். மூன்று தையல்.

இப்போதெல்லாம் சாப்பிட்ட பிறகே முடிவெட்டப் போகிறேன். நாற்காலியில் உட்கார்ந்ததும், "எனக்குச் சுகர் இருக்கு" என்று சொல்லிவிடுகிறேன். வெட்டுகிறவருக்கும் கை வேண்டுமே!