காயப்போடும் களத்துக்கு மேற்கே ஓடிய ரயில்

1. வண்டி வந்த நாள்

அறுபதுகளின் தொடக்கத்தில், சிவகாசிக்கும் திருத்தங்கலுக்கும் இடையில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். மதுரைப் பக்கம் போகும் வேக ரயில் புதிதாக ஓடத் தொடங்கிய நாளில் கம்பெனியே வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தது. நானும்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

காரணம் இருந்தது. அதுவரை வியாபாரிகள் ஆளுக்கொரு காரில் விருதுநகர், மதுரை என்று பறப்பார்கள். ரோட்டோரப் பருத்திச் செடியெல்லாம் புழுதி அப்பிக் கிடக்கும். இந்த ரயில் வந்ததும் பாதிக் கார்கள் ஷெட்டைவிட்டு வெளியே வரவில்லை. எங்கள் முதலாளியும் காரை நிறுத்திவிட்டார்.

“அம்புட்டுப் பேரும் ஒரே வண்டியில போறோம்யா. இப்ப ரோட்டுல புழுதி இருக்கா, பாத்தீரா?” என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார். அது உண்மைதான். பருத்தி இலை பச்சையாகத் தெரிந்தது.

2. மேல்காற்று

தண்டவாளம் எங்கள் கம்பெனிக்கு மேற்கே. வேலிக்கு இந்தப் பக்கம் காயப்போடும் களம். மருந்தில் தோய்த்த மத்தாப்புக் கம்பிகள் மரச் சட்டங்களில் வரிசையாக அங்கே வெயிலில் காயும். பழைய பாசஞ்சர் வண்டி அதுபாட்டுக்கு ஊர்ந்து போகும். இந்த வண்டிக்கோ வேகம் வேண்டும் என்று கரியை அள்ளி அள்ளிப் போட்டார்கள். புகையோடு நெருப்புக் கங்கும் பறந்தது. ஆடியில் மேற்கேயிருந்து மேல்காற்று பிடித்ததும் எல்லாம் நேரே எங்கள் பக்கம் வந்தது.

ஒரு நாள் வண்டி கடந்த கையோடு, ஒரு சட்டத்தின் அடியில் கடுகளவு சிவப்பு தெரிந்தது. செருப்புப் போடக் கூடாத இடம். வெறுங்காலால் மிதித்து மணலில் தேய்த்தேன். கொஞ்சம் தள்ளிச் சட்டத்தின் மேல் விழுந்திருந்தால் களத்தில் நின்ற பெண்களில் ஒருத்தியும் மிஞ்சியிருக்க மாட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் முதல், விசில் கேட்டதும் எல்லாரும் களத்தைவிட்டு ஓடிவிட வேண்டும் என்று உத்தரவு போட்டேன். களத்தில் மூத்தவளான மாரியம்மாள் சலித்துக்கொண்டாள்.

“சட்டத்துக்கு இம்புட்டுன்னுதான கூலி, அண்ணாச்சி. இப்படி விரட்டுனீகன்னா நாங்க என்னத்தச் சம்பாதிக்க?”

“உசுரு இருந்தாத்தான கூலி? போ அங்கிட்டு!” என்று கத்தினேன்.

முதலாளி கண்ணில் அது பட்டுவிட்டது. “சீசன் நேரத்துல ஆளுகளை மரத்தடியில நிப்பாட்டி வச்சிருக்கீரே. ஆர்டர் எம்புட்டுக் கெடக்குன்னு தெரியும்ல?”

“இஞ்சின் கங்கு களத்துல வந்து விழுது, முதலாளி. களத்தைக் கெழக்க மாத்தணும்.”

“வாராவாரம் அதுல போறவன் நான். எனக்குத் தெரியாதா? எல்லாம் மேல போயிரும்யா. நீரு ஒரு பயந்தாங்கொள்ளி.”

பயந்தாங்கொள்ளிதான். வண்டி வரும் நேரம் நெருங்கினாலே எல்லா வேலையையும் போட்டுவிட்டு வேலிக்கு ஓடுவேன். வேலியோரம் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்தது. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். விட்டுப் போனால் விசிலுக்கு இவர்களை யார் விரட்டுவார்கள்?

3. ஜன்னலோர சீட்டு

ஆவணியில் ஒரு நாள், மதுரையிலிருந்து வந்து இறங்கிய முதலாளி வீட்டுக்குப் போகாமல் நேரே லோடு பார்க்க வந்தார். களத்தில் மாரியம்மாள் அவர் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன முதலாளி, வெள்ளைச் சட்டையில பொட்டுப் பொட்டா ஓட்டையா இருக்கு?”

“அத ஏன் கேக்க தாயீ. ஜன்னலோரம் உக்காந்தேன். இஞ்சின் கங்கு பறந்து வந்து...”

தோளைத் தடவினார். ஓட்டைகளைச் சுற்றித் துணி கருகியிருந்தது. பிறகு வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்த சட்டங்களையும் அவற்றுக்கு நடுவே குனிந்திருந்த பெண்களையும் பார்த்தார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

“இன்னைக்கே களத்த மாத்திரும்யா,” என்றார் என்னிடம். “குடோனுக்குக் கெழக்க. ஆர்டர் கெடந்துட்டுப் போகுது.”

இளம் போர்மேன்களுக்கு ஒன்று சொல்கிறேன். ரயில் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ரோட்டுப் புழுதியை அது குறைத்தது நிஜம். ஆனால் அதில் ஏறிப் போகிறவர் அதை நல்லது என்று சொன்னால் மட்டும் போதாது. அது கடந்து போகிற இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று நீங்கள் போய்ப் பாருங்கள். எங்கள் முதலாளிக்கு ஒரு சட்டையோடு போயிற்று. எல்லாருக்கும் அப்படி வாய்க்காது.