ஊற்றுக்கு மேலிருந்த காடு

பக்கத்தில் யாரோ பச்சை மரம் எரிக்கிறார்கள். அந்தப் புகை ஜப்பான்காரன் காலத்து வாசனை.

அப்பாவைச் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அரிசி கிடையாது. ரப்பர் தோட்டத்தில் எல்லோரும் காட்டை வெட்டி மரவள்ளி நட்டார்கள். ஊற்றுக்கு மேலிருந்த மரங்களை வெட்ட வந்த பக்கத்து வீட்டு மாரியண்ணனை அம்மா தடுத்தாள்.

"மரம் போனா ஊத்து வத்திடும் லா, அண்ணே."

பசியில் தம்பியின் கால்கள் வீங்கின. அம்மாவே கத்தியோடு ஊற்றுக்கு மேலே போனாள். வெட்டியதை எரித்தபோது இருவாச்சிப் பறவைகள் கத்திக்கொண்டே மலைப்பக்கம் பறந்தன. முதலில் மரவள்ளி இலையைத் தின்றோம், பிறகு கிழங்கை. தம்பி எழுந்து நடந்தான்.

அடுத்த வெயில் காலத்தில் ஊற்று வற்றியது. குடத்தோடு ஆற்றுக்குப் போன அம்மாவிடம் மாரியண்ணன், "நீ சொன்னது சரிதாம்மா" என்றார்.

"புள்ள இருக்கானே, அண்ணே" என்றாள்.

அங்கே இப்போது எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. தம்பி யான் என்ற ஊரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான்.