பாண்டியன் எடுத்தால் படம் ஆடும்

வெள்ளிமலைப் பக்கம் காதுகுத்து, கல்யாணம் எதுவானாலும் வீடியோ எடுக்கிறவர் பாண்டியன் அண்ணன். அவருக்குக் கை நடுங்கும். ஒரு விஷக்காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து அப்படி. டீ கொடுத்தால் பாதி டம்ளரில் இருக்கும், பாதி சட்டையில் இருக்கும். கை நடுங்குகிற ஆள் எதுக்கு இந்த வேலைக்கு வந்தார் என்று கேட்காதீங்க. நான் கேட்டுப் பார்த்துட்டேன், முறைச்சார்.

ஆனால் அவர் கேமராவைக் கையில் பிடிக்கவே மாட்டார். சோப்பு டப்பா அளவு கேமரா, மட்டமான விலையில் வாங்கினது. ஒரு சின்னத் துணிப்பையில் சாமையைக் கொட்டித் தைத்து வைத்திருந்தார். சுவரோ பாறையோ, கிடைச்ச இடத்தில் பையை வைத்து, அது மேல் கேமராவை அழுத்தி உட்கார வைத்து, பட்டனைத் தட்டிட்டு, ரெண்டு கையையும் அக்குளில் சொருகிக்கினு நிற்பார். மழையில் நனைஞ்ச கோழி மாதிரி இருக்கும். ஆனால் படம் நேராக வரும்.

ஐப்பசி மழை விடாமல் ஊத்திக்கினு இருந்த சமயம். ராஜதுரை மாமாவோட தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் இவர் வூட்டிலிருந்து கிளம்பி, ஓடைப்பாலத்தைத் தாண்டி, தங்கச்சி ஊருக்குப் போகணும். ஒரே டிராக்டரில் தட்டு, கெடா, மேளம், பொம்பளைங்க, பசங்க எல்லாம். வீடியோ எடுக்க எங்க ஊர்ப் பையன் அஜித்குமாரும் புது செல்போனோடு வந்து நின்னான்.

"ரெண்டு பேரும் எடுத்துக் காட்டுங்க. எது நல்லாக்கீதோ அதான்" என்றார் மாமா.

முந்தின நாள், பந்தல் சாமான் ஏத்தின டிராக்டர் பாலத்தில் வரும்போது ரெண்டு பேரும் பாலத்து மேலேயே நின்னு எடுத்தார்கள். போனில் மலை பச்சைப்பசேல் என்று இருந்தது. டிரைவர் மூஞ்சி பவுடர் போட்ட மாதிரி வெளுப்பு. துளி ஆட்டம் இல்லை. பாண்டியன் கேமராவில் எல்லாமே சாம்பல் நிறம். அதுவும் டிராக்டர் கிட்ட வர வர, படம் கடகடவென்று நடுங்கியது.

"மாமா, என் போனு ஆட்டத்தத் தானே சரி பண்ணிக்கும்" என்றான் அஜித்.

"பாண்டியா, அந்தப் போன வாங்கி உன் கைல கட்டிக்கடா" என்று மாமா சிரிச்சார்.

"கேமராவுக்கு சாமி வந்துடுச்சு, துன்னூறு குடுங்க" என்றேன் நான்.

பாண்டியன் சிரிக்கவில்லை. "நான் அதத் தொடவே இல்லயே" என்றார். பாலத்தோட கைப்பிடிச் சுவரில் பையைத் திரும்ப வைத்து, டிராக்டரை இன்னொரு நடை வரச் சொன்னார். கை ரெண்டும் அக்குளில். படம் அதே மாதிரி நடுங்கியது. கீழே செம்மண் தண்ணி தூணைச் சுத்திச் சுத்தி எதையோ தேடிக்கினு இருந்தது. நான் எட்டிப் பார்த்துட்டு சுவரை விட்டுத் தள்ளி வந்துட்டேன்.

"பாலந்தாங்க ஆடுது. நாளைக்கு ஜனத்த ஏத்திக்கினு இதுல போவாதீங்க" என்றார் பாண்டியன்.

"இன்னாயா பேசற? வீடியோ அவனுக்குப் போச்சுன்னா என் தங்கச்சி வூட்டு விசேசத்துல வாய் வெப்பியா? சீரு டிராக்டர்லதான் போவும்."

விடிஞ்சு பார்த்தால் டிராக்டர் பின் டயர் ரெண்டும் தரையோடு ஒட்டிக் கிடந்தது. வால்வு ஊசியைக் காணோம். எங்க ஊரில் இந்த மாதிரி வேலை பார்க்கிற ஆள் ஒருத்தன்தான் என்பதால், மாமா நேராக வந்து என் கன்னத்தில் ஒண்ணு வைத்தார். ஊசி என் டவுசர் பையில்தான் இருந்தது. எதுக்கு இல்லைன்னு சொல்லணும்?

"அவன வுடுங்க. நான்தான் புடுங்கச் சொன்னேன்" என்றார் பாண்டியன். அவர் சொல்லவே இல்லை. பச்சைப் பொய்.

மாமா அவரையே பார்த்தார். "இனிமே எங்க பங்காளி வூடு ஒண்ணுலயும் உனக்கு வேலை கெடையாது."

சீர் நடந்தே கிளம்பியது. முன்னால் மேளம், பின்னால் தட்டு தூக்கின பொம்பளைங்க, நடுவில் போனை உசத்திப் பிடிச்ச அஜித். பாண்டியன் முன்னாடியே பாலத்தைத் தாண்டிப் போய், அந்தாண்டைக் கரைப் பாறையில் பையை வைத்து, யாரும் கேட்காமலே எடுத்துக்கினு இருந்தார்.

கடைசி ஆளாகப் பாலத்தைத் தாண்டின மாமா, கேமராவைத் தட்டிவிடத்தான் பாறைக்கு இறங்கினார்.

"பாத்துட்டு ஒடைங்க" என்றார் பாண்டியன்.

தீப்பெட்டி அளவுத் திரை. படம் துளிகூட ஆடவில்லை. கரை அசையவில்லை. புங்க மரம் அசையவில்லை. ஜனம் நடக்க நடக்க, பாலத்தோட நடுப்பாகம் மட்டும் மூச்சு வாங்குகிற மாதிரி ஏறி இறங்கியது. அது மேல் மாமாவோட மகள் சிவரஞ்சனி பூத்தட்டோடு சிரிச்சுக்கினு வந்தாள்.

மாமா திரும்பப் போடச் சொன்னார். அப்புறம் அஜித்தைக் கூப்பிட்டு அவன் போனையும் பார்த்தார். அதில் பாலம் கல்லு மாதிரி நின்றது.

அப்போது அதே கரையில், மேல் வளைவில் பஸ் ஹாரன் அடிச்சது. மலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு இறங்குகிற பஸ். ஜன்னல் முழுக்கத் தலைகள். மாமா தோள்துண்டை உருவி வீசிக்கினு ரோட்டுக்கு ஓடினார். பின்னாலேயே பாண்டியன், அவர் பின்னால் நான். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னாடி பஸ் கிரீச்சென்று நின்றது.

"இன்னா பெரியவரே, சாவற ஆசையா?" என்றார் டிரைவர்.

மாமா மூச்சு வாங்கிக்கினே பாலத்தைக் கை காட்டினார். பாண்டியன் கேமராவை ஜன்னலுக்கு நீட்டினார். கை நடுங்கின நடுக்கத்தில் திரையில் ஒண்ணுமே புரியவில்லை.

"யோவ், ஆட்டாம காட்டுயா."

மாமா ரெண்டு கையாலும் பாண்டியன் மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சார். டிரைவர் குனிஞ்சு பார்த்தார். பஸ்ஸுக்குள்ளே ஒரு குழந்தை அழுதது, கண்டக்டர் போகலாம் என்று விசில் ஊதினார். டிரைவர் பார்த்துக்கினே இருந்தார்.

அப்புறம் எஞ்சினை அணைச்சார். ஓடை எவ்வளவு சத்தமாகப் போகிறது என்று அப்போதுதான் எங்களுக்குக் கேட்டது.