உயரத்தில் பாதி

கல்யாணத்தன்று அறுபத்திரண்டு கிலோ இருந்தேன். மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்த அன்றும் அறுபத்திரண்டு கிலோதான். இதை நான் சொல்லாத ஆள் நாமக்கல்லில் இல்லை. கடைக்கு லாரி பேரிங் வாங்க வந்தவர்களிடம் கூடச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் பேரிங்கின் அளவைக் கேட்பார்கள். நான் என் எடையைச் சொல்வேன்.

ஒல்லியானவனுக்கு ஒரு திமிர் உண்டு. தான் ஏதோ தவம் செய்து சம்பாதித்த மாதிரி நடந்துகொள்வான். “எனக்கு எதுவும் ஒட்டாதுங்க” என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது பரோட்டாவைப் பிய்க்கிற ஆள் நான். சாயங்காலம் கடைக்கு பஜ்ஜி வரும். அதுவும் ஒட்டாது.

சட்டைக்குள் ஒரு சின்னத் தொப்பை இருந்தது உண்மைதான். அதற்கு நான் வைத்திருந்த பெயர் ‘கேஸ்’. ஓமத் தண்ணீர் குடித்தால் போய்விடும் என்று பல வருடங்களாகச் சொல்லிவந்தேன். ஓமம் தீர்ந்துகொண்டிருந்தது, கேஸ் வளர்ந்துகொண்டிருந்தது. கையும் காலும் குச்சி, நடுவில் மட்டும் ஏழு மாதம். சட்டையை வெளியே விட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது என்று நம்பினேன்.

என் மனைவியின் அண்ணனுக்குப் பள்ளிபாளையத்தில் விசைத்தறிப் பட்டறை. ஆறடி உயரம், அகலத் தோள், தூண் மாதிரித் தொடை, தொண்ணூறு கிலோ. நூல் மூட்டையை இறக்க ஆள் வரும்வரை பொறுக்க மாட்டார்; தானே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போவார். சாயப்பட்டறைக் கழிவு கலக்காத நாட்களில் காவிரியில் நீந்துவார். எந்த விசேஷமானாலும் பந்தியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “எங்க மச்சானுக்கு ரெண்டு எல போடுங்க” என்று பரிமாறுகிறவரிடம் சொல்வது என் வழக்கம். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். பெண் கொடுத்த வீட்டார் சிரித்துத்தானே ஆக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருமுனைக் கல்யாண மண்டபத்தில் இலவச இருதயப் பரிசோதனை முகாம் நடந்தது. மச்சான் அன்று தங்கையைப் பார்க்க வந்திருந்தார். மனைவியைச் சமைக்கச் சொல்லிவிட்டு அவரை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். படித்த டாக்டர் ஒருவர் நாலு பேர் முன்னால் அவரை மிரட்டுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

“எனக்கெதுக்குங்க மாப்ள?” என்றார்.

“உங்க நல்லதுக்குத்தானுங்க மச்சான். இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டு எத்தன நாளைக்கு?”

மண்டபத்தில் முதலில் உயரமும் எடையும் பார்த்தார்கள். நான் ஏறி, என் எடையை நானே சத்தமாக அறிவித்தேன். அவர் ஏறப்போகும்போது, “மெஷினு தாங்குமுங்களா?” என்று கேட்டேன். வரிசை முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த கடைசி வெற்றி அதுதான்.

அடுத்த மேசையில் ஓர் இளம் பெண் டாக்டர் கையில் டேப்புடன் இருந்தார். இடுப்பளவு பார்க்க வேண்டும் என்றார்.

“வேண்டியதில்லீங்க. பேன்ட் சைஸ் முப்பத்திரெண்டு. எழுதிக்குங்க.”

“அது பேன்ட்டோட அளவு சார். உங்க அளவ நான் பாத்துக்கறேன்.”

என் பெல்ட், இந்த வட்டாரத்து ஆண்களில் முக்கால்வாசிப் பேருடைய பெல்ட்டைப் போல, தொப்பைக்குக் கீழே பதுங்கியிருந்தது. பேன்ட்டின் அளவு மாறவே இல்லை. வருடா வருடம் அது கீழே இறங்கியிருந்தது, அவ்வளவுதான். டாக்டர் அதைப் பொருட்படுத்தாமல் தொப்புளை ஒட்டி டேப்பைச் சுற்றினார். நான் மூச்சை இழுத்துப் பிடித்தேன்.

அவர் அவசரப்படவில்லை. “சொந்த ஊர் இதேதானா சார்?” என்றார். தலையை ஆட்டினேன். “என்ன தொழில் பண்றீங்க?” அதற்குத் தலையாட்ட முடியாது. “லாரி ஸ்பேர்ஸ்” என்றேன். சொல்லோடு சேர்ந்து வயிறும் வெளியே வந்தது. டேப் அவர் விரலிடுக்கில் நழுவி நீண்டது. முப்பத்தேழு.

“உங்க உயரம் அறுபத்து நாலு அங்குலம். இடுப்பு அதுல பாதிக்கு மேல போகக் கூடாது. முப்பத்திரெண்டுக்குள்ள இருக்கணும் சார்.”

மச்சானை அளந்தார். முப்பத்தைந்தரை. அவர் உயரத்தில் பாதி முப்பத்தாறு. “நீங்க எல்லைக்குள்ளதான் இருக்கீங்க ஐயா. இதுக்கு மேல போகாம பாத்துக்குங்க” என்றார்.

“ரெண்டு பேரையும் மாத்தி எழுதிட்டீங்களாட்ட இருக்குது” என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. மச்சானுடைய எடையில் பாதி எலும்பும் தசையும் என்றார். எனக்குக் கையிலும் காலிலும் தசையே இல்லை, இருக்கிற கொழுப்பு முழுவதும் வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றி உட்கார்ந்திருக்கிறது, இதயத்துக்கு ஆகாத கொழுப்பு அதுதான் என்றார். “அளவு கூடினா வியாதி இருக்குன்னு அர்த்தமில்ல. ஆனா மேற்கொண்டு பாக்கணும். நடந்தா, படி ஏறினா மூச்சு வாங்குதா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க.”

“அதென்னுங்க மாப்ள அப்பிடிச் சொல்றீங்க?” என்றார் மச்சான், மண்டபத்துக்கே கேட்கும் குரலில். “போன மாசம் மலக்கோட்டப் படியில பாதியில உக்காந்துட்டு, ஊரு எத்தன அழகா இருக்குது பாருங்கன்னு பாத்துட்டே இருந்தீங்களே. அங்கிருந்து லாரி ஷெட்டுதானுங்க தெரிஞ்சுது.”

இந்த முறை வரிசை சிரித்த சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்களைப் போலச் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும், முகாம்காரர்களின் டேப் துணி டேப், நனைந்து நனைந்து சுருங்கியிருக்கும் என்று விளக்கினேன். லாரி சேஸிஸ் அளக்கிற இரும்பு டேப்பைக் கடையிலிருந்து கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அளந்தாள்.

“நெசமாலுமே முப்பத்தேழுதானுங்க. கீழ எறக்கிப் புடிச்சா முப்பத்திரெண்டு வருது. உங்களுக்கு எது வேணும்?”

நான் அதோடு விட்டிருப்பேன். மச்சான் விடவில்லை. அடுத்த வாரமே காரைக் கொண்டுவந்து நிறுத்தி, சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ரத்தத்தில் சர்க்கரை கூடுதல், கொழுப்பும் கூடுதல். ட்ரெட்மில்லில் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் மெஷினை நிறுத்தச் சொன்னார். ஆஞ்சியோ பார்த்ததில் இதயத்துக்குப் போகும் ஒரு ரத்தக்குழாய் பெரும்பாலும் அடைத்துப் போயிருந்தது. ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள்.

என்னை உள்ளே கொண்டுபோக வந்த ஊழியர் தள்ளுவண்டியை நேராக மச்சானிடம் உருட்டிக்கொண்டு போய், “படுங்கய்யா” என்றார். மச்சான் என்னைக் கை காட்டினார். ஊழியர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இவருங்களா?” என்று கேட்டார். அந்த நேரத்திலும் எனக்கு மானம்தான் முதலில் போனது. வண்டியில் படுத்த பிறகுதான் உயிர்ப்பயம் முழுதாக வந்தது. மச்சான் கதவுவரை கூடவே நடந்து வந்தார். “ஒண்ணும் ஆகாதுங்க மாப்ள. நா இங்கதான் இருக்கறேன்” என்றார். அன்று முழுவதும் அவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை என்று மனைவி பிறகு சொன்னாள்.

வீடு திரும்பியதும் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “ஒல்லியாத்தானுங்க இருந்தாரு. இவருக்கா?” கேட்டுவிட்டு, மூலையில் உட்கார்ந்திருந்த மச்சானைக் குறை சொல்வது போல ஒரு பார்வை. அவருக்கு வர வேண்டியதை அவர் எனக்குத் தள்ளிவிட்டாராம். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரக் கூடாதே என்று நெய் சொட்டும் மைசூர்பாகு கொண்டுவந்தார்கள். பூண்டை மென்று தின்றால் எல்லா அடைப்பும் கரைந்துவிடும், இதற்குப் போய் ஆஸ்பத்திரியா என்று வருத்தப்பட்டார் தம்மம்பட்டியிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரர். அவருடைய பெல்ட்டும் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அந்த மைசூர்பாகில் பாதியைத் தின்றது அவர்தான்.

உடம்பு தேறியதும், திருந்திய குடிகாரன் மாதிரி ஆகிவிட்டேன். கடைக்கு வருகிற லாரி ஓனர்களையெல்லாம் அளக்கக் கிளம்பினேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.

அப்படி ஒருநாள் வீட்டில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது, மச்சான் தன் தங்கையைப் பார்த்து, “நீயும் வந்து நில்லு சாமி” என்றார்.

“எனக்கெதுக்குங்ண்ணா? நா என்ன பரோட்டாவா திங்கறேன்?” என்றாள் அவள்.

அவர் விடவில்லை. அவள் தையல் மெஷினிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்து, “முப்பத்தஞ்சு” என்றாள். அவள் உயரம் சரியாக ஐந்தடி. பாதி முப்பது. அவள் வயிற்றுக்கு எங்கள் வீட்டில் ‘பிள்ளை பெத்த வயிறு’ என்று பெயர். அந்தப் பிள்ளைக்கே இப்போது பிள்ளை பிறந்துவிட்டது. மீந்துபோன சாதத்தைக் கொட்ட மனசில்லாமல் நின்றபடியே தின்று முடிக்கிறவளின் இடுப்பை அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. முகாமுக்குப் போன அன்று அவள் எங்களுக்காகக் கோழிக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

ரத்தம் பார்த்ததில் அவளுக்கும் சர்க்கரை இருந்தது. இதயத்துக்கு ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இப்போது தினமும் காலையில் பள்ளி மைதானத்தில் இருவரும் நடக்கிறோம். நான் முப்பத்து நாலரைக்கு இறங்கியிருக்கிறேன். அவள் முப்பத்திரண்டைத் தொட்டுவிட்டாள். சேலையைக் கொஞ்சம் ஏற்றிச் செருகிக்கொண்டு என்னை முந்தி முந்திப் போகிறாள். இது என்ன பந்தயமா, மெதுவாக வா என்று ஒருநாள் கூப்பிட்டுப் பார்த்தேன்.

“பந்தயமெல்லாம் இல்லீங்க. எனக்கு ஊட்டுல வேல கெடக்குது” என்று நிற்காமலே சொல்லிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போய்விட்டாள்.