பொலியில் தொடங்கும் எண்ணிக்கை

அக்கா எங்களைப் பிரிந்து இன்று திதிப்படி ஓராண்டு. நாட்காட்டியில் எண்ணினால் முந்நூற்று ஐம்பத்துநான்கு நாட்கள்தான். மீதிப் பதினொரு நாட்கள் எங்கே என்று ஐயரிடம் கேட்டேன்; சிரித்துவிட்டுப் போய்விட்டார். அக்கா இருந்திருந்தால், "இவனுக்கு இது ஒரு வருத்தம்" என்றிருப்பார்.

அக்கா பழுகாமத்தில் எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் நான்கு வயது இளையவன். கடைசித் தம்பி பிறந்ததும் அம்மா காய்ச்சலில் விழ, ஒன்பது வயது அக்காவே அவனைச் சுமந்தார். ஒருநாள் நெல்லடிக்கும் களவெட்டியில் அப்பா நெல் அளக்கும் குரலைக் கேட்டு, அலறிக்கொண்டிருந்த தம்பி அடங்கினான். அன்றிலிருந்து அக்காவும் முதுகில் தட்டியபடி அதே குரலில் எண்ணத் தொடங்கினார்.

திருமணமாகிக் கல்லடிக்கு வந்தார். மகளுக்கு ஆறு வயதாகும்போது அத்தான் காலமானார். தையல் மெஷினோடு தனியே நின்று மகளைப் படிப்பித்தார். யாரிடமும் முகம் சுளித்ததை நான் கண்டதில்லை. அயலில் எந்தப் பச்சைப்பிள்ளை விடாமல் அழுதாலும் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். நான் அறிய முப்பத்தேழு பிள்ளைகள் அவர் தோளில் உறங்கியிருக்கிறார்கள்.

மகளுக்கோ மணமாகிப் பன்னிரண்டு வருடமாகப் பிள்ளையில்லை. அக்காவுக்கு இருந்த ஒரே ஏக்கம் அதுதான். கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்த பதினொரு நாட்களில் நான் கல்லடிப் பாலத்தை இருபத்திரண்டு முறை கடந்தேன். ஒன்பதாம் நாள் என் கையைப் பிடித்தார்.

"மகளுக்கு ஒரு புள்ள கிடைச்சா, நீதான்டா தம்பி ஆட்டி உறங்கவைக்கோணும்."

"எனக்கு என்னக்கா தெரியும்?"

"எண்ணத் தெரியும்தானே. அது காணும்."

ஓம் என்றேன். அதைக் காப்பாற்ற முடியுமா என்ற பயம் அன்றே தொடங்கிவிட்டது.

அக்கா போய்ப் பத்து மாதத்தில் அவர் மகளுக்குப் பிள்ளை பிறந்தாள். பத்தொன்பதாம் நாள் மதியம் தொடங்கிய அழுகை பின்னேரமாகியும் நிற்கவில்லை. பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று. ஒரு குறையுமில்லை என்று முதல்நாள்தான் டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவின் மகள், என் மருமகள், சுவரோடு சாய்ந்து அழுதாள்.

"மாமா, புள்ளைக்கு என்னைப் பிடிக்கல்ல போல."

பிள்ளையை வாங்கித் தோளில் போட்டு, தட்டியபடி எண்ணி நடந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நூறு தாண்டியது. முந்நூறில் என் நடை ஓட்டமாகிவிட்டது. நானூற்றுப் பன்னிரண்டில் பிள்ளையின் முகம் கருஞ்சிவப்பானது. வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டுத் தங்கச்சி கேட்டாள்:

"என்ன அண்ணே, பஸ்ஸ விட்டுட்டயளா? ஏன் இந்த ஓட்டம்?"

அந்த அழுகைக்கு நடுவிலும் மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"மாமா, அம்மா ஒண்டு எண்டு சொல்லமாட்டாவே. பொலி எண்டுதானே தொடங்குவா. பத்துக்கு மேல போகவும் மாட்டா."

அப்போதுதான் அப்பாவின் குரல் எனக்கு நினைவு வந்தது. களவெட்டியில் அவர் ஒன்று என்று சொல்லவே மாட்டார். முதல் மரைக்காலைப் பொலி என்று நீட்டிச் சொல்லி அளப்பார். பெருகட்டும் என்பது அதன் பொருள். பத்து வந்ததும் ஒரு மூச்சு விட்டு, மறுபடி பொலி. நான்தான் வாழ்நாள் முழுக்க மேலே மேலே எண்ணிக்கொண்டு போனவன்.

நின்ற இடத்திலேயே நின்றேன். "பொலி… ரெண்டு… மூண்டு…" மெதுவாகப் பத்து வரை. ஒரு மூச்சு. மறுபடி பொலி. ஆறாவது பொலியில் அழுகை விக்கலாகியது. ஒன்பதாவதில் பிள்ளையின் தலை என் கழுத்தில் பாரமாக விழுந்தது.

"குடுங்க மாமா," என்று மருமகள் கை நீட்டினாள். அடுத்த பத்தை அவளே சொன்னாள். அக்காவின் அதே குரல். பிள்ளை கண் திறக்கவில்லை. என் நெஞ்சில் ஏறக்குறைய ஓராண்டாக இருந்த கல் இறங்கியது.

இன்று பிள்ளைக்கு நாற்பத்தேழு நாள். இதை எழுதும்போது ஏணையில் உறங்குகிறாள்.

நன்றி சொல்ல வேண்டியவர்களை எண்ணுகிறேன். பொலி: அக்காவைப் பதினொரு நாளும் பார்த்த தாதிமார். இரண்டு: வேளைதோறும் சோறு கட்டித் தந்த பக்கத்து வீட்டார். மூன்று: பாலத்தில் என்னை ஏற்றி இறக்கிய ஆட்டோக்காரத் தம்பி. நான்கு: இறுதிக் கிரியைக்கும் இன்றைய திதிக்கும் வந்து தோள் கொடுத்த உறவினர், நண்பர் எல்லோரும். யாரையாவது விட்டிருந்தால் மன்னியுங்கள். ஒரு மூச்சு விட்டு, மறுபடி பொலியிலிருந்து தொடங்குகிறேன்.