கெப்பாசிட்டரின் கடைசி வரி

போன வெள்ளிக்கிழமை செல்வினோடு ஏர்போர்ட் போனேன். சவுதியில், அல் கோபாரில், என் பக்கத்து ஃபிளாட்காரர். ஒரு கம்பெனியில் அக்கவுண்டன்ட். விசிட் விசாவில் வந்த மனைவி ஜெபாவையும் ஆறு வயது மகளையும் ஊருக்கு ஏற்றிவிடத்தான். விசாவில் இன்னும் நாள் பாக்கி இருந்தது...

வந்தது சும்மா சுற்றிப் பார்க்க இல்லை. பிடித்தால் ஃபேமிலி விசா போட்டு இங்கேயே தங்கிவிடுவது என்று பேச்சு. அவர்கள் வருமுன்னே மனுஷன் திரைச்சீலை மாற்றினார், ஸ்கூலில் சீட் விசாரித்தார். ஏசி மட்டும் மக்கர் செய்தது. கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் போயிருந்தது.

இங்கே கடையிலேயே வாங்கியிருக்கலாம். ஆனால் நாம் யார்? லீவில் போகும்போது சோப்பும் டார்ச்சும் கொண்டுபோவோம். திரும்பும்போது அரிசி மாவும் ஸ்பேர் பார்ட்ஸும் கொண்டுவருவோம். அப்படி நாகர்கோவிலில் வாங்கிய ஒன்று அவர் அலமாரியில் தயாராக இருந்தது.

யூடியூப் பார்த்துவிட்டு மொட்டை மாடியில் அவுட்டோர் யூனிட்டைக் கழற்றினார். நான் ஏணி பிடித்தேன். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் படித்தார். "முப்பத்தஞ்சு மைக்ரோஃபாரட், சரி. நானூத்தம்பது வோல்ட், சரி." அடியில் பொடி எழுத்தில் 40/70/21. பழையதில் நடு எண் 85.

"அது செஞ்ச தேதியா இருக்கும், அண்ணே."

நானும் தலையாட்டினேன்.

அவர்கள் வந்த மறுநாள் செல்வின் டியூட்டியில் இருந்தார். மத்தியான வெயிலில் ஏசி நின்றது. அறை கொதித்தது, குழந்தை வாந்தி எடுத்தது. ஜெபா அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் கதவைத் தட்டினார்.

சாயங்காலம் உப்பிப்போன கெப்பாசிட்டரைக் கையில் வைத்துக்கொண்டு செல்வின் ஃபோனில் தேடினார். நடுவில் இருப்பது தேதி இல்லையாம் — தாங்கும் சூடு. எழுபது டிகிரி வரைதான். கோபார் மொட்டை மாடியில், இரும்புப் பெட்டிக்குள், அது என்ன செய்யும், பாவம்?

அன்றைக்கே புதிது போட்டாயிற்று. ஆனால் ஜெபா சொன்னார்: "ஏசி சரியாவும். அடுத்த தடவ என்னவாவது ஆனா, நீங்க டியூட்டில இருப்பீங்க. ஊர்ல பத்து கதவ தட்டலாம். இஞ்ச எனக்கு ஒரு கதவுதான் தெரியும்."

செல்வின் ஃபோனை எடுத்து ஊருக்கு டிக்கெட் பார்த்தார்.

எவ்வளவு கொடுக்கும் என்று பார்த்தோம். எவ்வளவு தாங்கும் என்று பார்க்கவில்லை. மனிதர்களிடமும் அப்படித்தானே? இத்தனை வருஷம் ஊரில் தனியாகச் சமாளித்த ஜெபா, இதையும் சமாளிப்பார் என்று நினைத்துவிட்டோம். எனக்கு மனசே ஆறவில்லை. ஏணி பிடித்த நேரத்தில் அந்த ஒரு வரியைத் தேடிப் பார்த்திருக்கலாம்.

செல்வின் வீட்டு ஏசி இப்போது ஜோராகக் குளிர்கிறது... ஒரே ஒரு ஆளுக்கு.