மூடச் சொன்ன வாசல்

கடல் வந்து வீட்டையும் கடையையும் கொண்டுபோன பிறகு, நிவாரணமாக எனக்கு ஒரு மிளகாய் அரைக்கும் மில் கிடைத்தது. அதை வைக்க இடம் இல்லை. களுவாஞ்சிக்குடியில் வாவிப் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். தெருப்பக்கச் சுவரை உடைத்து ஒரு வாசல் வைக்கலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். பேசக் கூச்சப்படுகிறவன் நான். மனைவியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டுதான் கேட்டேன்.

"செய் மனே. உன்ட வீடு மாதிரி நினை" என்றார்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு, எழுதித் தாருங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. கதவு நிலை, மெஷினுக்குக் கொங்கிறீட் மேடை, மோட்டருக்குக் கறன்ட், எல்லாம் என் செலவு. மில் ஓடத் தொடங்கியதும் மனிதர் மாறிவிட்டார். பக்கத்து வளவில்தான் இருந்தார். தும்மிக்கொண்டே வேலியடிக்கு வருவார்.

"குடியிருக்கத் தந்த வீட்டை ஆலையாக்கிப் போட்டாய். ஆரைக் கேட்டுச் சுவரை உடைச்சாய்? வாசலை மூடு, இல்லாட்டி வெளிய போ!"

அவர் மனைவி மட்டும் கிழமைக்கொரு முறை மிளகாய் வாளியோடு வருவார். "இதையும் ஒருக்காப் போட்டுத் தாங்க தம்பி." அரைத்துக் கொடுப்பேன். மில் நின்றால் எங்களுக்குச் சோறு இல்லை.

நாட்டில் சண்டை முடிந்து, எங்கள் தெருவுக்குத் தார் ஊற்றிக் காபட் போட்டார்கள். நாங்கள் இருந்த வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கப்போவதாகச் சொல்லி, வீட்டுக்காரர் மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவந்தார். நான் தூள் படிந்த உடம்போடு மெஷினடியில் நின்றேன். சிரித்துக்கொண்டே வாசல் நிலையைத் தட்டிக் காட்டினார்.

"மருமகனுக்கு ஒரு தொழில் வேணுமெண்டு நான்தான் வாசலெல்லாம் வெச்சன். இவர் சும்மா பாத்துக்கொள்ளுற ஆள்."

மாப்பிள்ளையின் தகப்பன் என் பக்கம் திரும்பினார். "அரவை நல்லாப் போகுதா?"

"ஓம்" என்றேன்.

கோபம் வந்திருந்தால் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். வந்தது அருவருப்பு. வீட்டுக்காரரின் வெற்றிலைக் காவி ஏறிய அந்தச் சிரிப்பையும், என் கதவு நிலையைத் தட்டிய விரல்களையும் நினைத்து அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த கிழமை மெஷினைக் கழற்றி லேண்ட்மாஸ்டர் உழவு வண்டியில் ஏற்றினேன். மைத்துனர் தன் வளவில் ஒரு கொட்டில் தந்திருந்தார். பிறகு மேசனைக் கூட்டிவந்து, நிலையைப் பிடுங்கி, வாசலைக் கல் வைத்து மூடிப் பூசுவித்தேன்.

வீட்டுக்காரர் ஓடிவந்தார். "உனக்கென்ன விசரா? அது என்ட மருமகன்ட கடை வாசல்!"

"நீங்கதானே மூடச் சொன்னீங்க" என்றேன்.

அவருக்குப் பின்னால் மனைவி வாளியோடு நின்றார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப கலியாணத்துக்கு இந்த மிளகாயை எங்க தம்பி அரைக்கிற?"